வழங்கியும் வழக்கும்: ஒரு பழைய மேசைக் கணினி கற்பித்த பாடம்



மொழியியல் பயின்ற ஒருவர், பழைய கணினியைத் தூசி தட்டி வீட்டில் இணைய வழங்கியாக அமைப்பது பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். இதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு.

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவி ஒருவர் நம்மை அழைத்தார். "ஐயா, தோட்டச் சொற்களைப் பற்றிய உங்கள் பக்கத்தை என் இடுபணியில் மேற்கோள் காட்ட வேண்டும். கட்டுரையில் நீங்கள் கொடுத்திருக்கும் முகவரியைத் தட்டினால் ஒன்றும் திறக்கவில்லை" என்றார். நாமும் தட்டிப் பார்த்தோம். திறக்கவில்லை.

1990களில் மாணவர்களோடு பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்று, அங்கு வாழ்ந்த முதியோரிடம் சொற்களைத் திரட்டியிருந்தோம். இரப்பர் மரத்தைக் குறிக்கும் கித்தா, மரத்தில் கட்டிய கிண்ணமாகிய மங்கு, விடியுமுன் ஆளெண்ணிக்கை எடுக்கும் பெரட்டு, கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. அவற்றை 2001-ஆம் ஆண்டில் ஓர் இலவச இணைய இடத்தில் ஏற்றினோம். ஏற்றியதோடு கடமை முடிந்தது என்று எண்ணினோம். அச்சேவையை நடத்தியவர்கள் பின்னாளில் அதனை மூடிவிட்டனர். முன்னறிவிப்பு அனுப்பியும் இருக்கலாம். ஆனால் நாம் அவர்களிடம் கொடுத்திருந்தது பணிக்கால மின்னஞ்சல் முகவரி. ஓய்வுபெற்ற பின் அதனைத் திறப்பார் இல்லை.

அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. சொல் தந்த முதியோருள் பெரும்பாலோர் இயற்கை எய்திவிட்டனர். மீண்டும் சென்று திரட்டலாம் என்றால், கேட்பதற்கு ஆள் இல்லை. 'இணையத்தில் இருக்கிறது' என்ற தொடரை நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவந்தோம் என்பது அன்றுதான் உறைத்தது.

1. வழங்கி என்பது யாது?

இணையப் பக்கம் ஒன்று வானத்தில் மிதப்பதன்று. எங்கோ ஓரிடத்தில், யாரோ ஒருவருடைய கட்டடத்தில், மின்சாரம் ஊட்டப்பட்ட ஒரு கணினியின் தட்டில் அது கோப்பாகக் கிடக்கிறது. நாம் முகவரியைத் தட்டும்போது நம் உலாவி அக்கணினியிடம் கோப்பைக் கேட்கிறது. அது எடுத்துத் தருகிறது. கேட்டதைத் தரும் அக்கணினியையும், அதில் இயங்கும் மென்பொருளையும் 'வழங்கி' என்கிறோம்.

இக்கலைச்சொல் பொருத்தமுற அமைந்த ஒன்று. 'வழங்கு' என்னும் வினைக்குக் கொடுத்தல் என்ற பொருளும் உண்டு. பயின்றுவருதல் என்ற பொருளும் உண்டு. 'பரிசு வழங்கினார்' என்பது முன்னது. 'இச்சொல் ஈழத்தில் வழங்குகிறது' என்பது பின்னது. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று இலக்கண நூலார் கூறும் 'வழக்கு' என்பதும் இவ்வினையோடு உறவுடையது. கொடுப்பாரும் கொள்வாரும் இருக்கும் வரையில் சொல் வழக்கில் இருக்கும். கொடுப்பது நின்றால் அது வழக்கொழியும். நம் சொற்பட்டியலுக்கு நேர்ந்தது இதுவே.

வழங்கி என்றவுடன் குளிரூட்டப்பட்ட பெருங்கூடங்கள் நினைவுக்கு வரலாம். ஆயின், உலகின் முதல் இணைய வழங்கியே ஒரு மேசைக் கணினிதான். 1990-ஆம் ஆண்டில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ தம் மேசைமீதிருந்த நெக்ஸ்ட் நிறுவனக் கணினியையே வழங்கியாகப் பயன்படுத்தினார். யாரும் தவறுதலாக அணைத்துவிடக் கூடாதென்று, இது வழங்கி, இதன் மின்சாரத்தை நிறுத்தவேண்டா என்னும் கருத்தமையச் சிவப்பு மையில் எழுதிய தாள் ஒன்று அதன்மீது ஒட்டப்பட்டிருந்தது. அத்தாளும் கணினியும் இன்றும் பேணப்படுகின்றன. இணையப் பக்கங்களின் தொடக்கமே ஒரு மேசையும் ஒரு கணினியும் அதனைக் காத்த ஒரு தாளுந்தான்.

2. எழுத்தை மீட்டல்

பொருட்கள் போட்டுவைக்கும் அறையில் நம் பழைய மேசைக் கணினி ஒன்று இருந்தது. அதன் வன்தட்டில் 2001-ஆம் ஆண்டுக் கோப்புகளின் படி கிடைத்தது. மகிழ்ச்சியோடு திறந்தோம். தமிழ் தெரியவில்லை. 'தமிழ்' என்னும் சொல் இருக்கவேண்டிய இடத்தில் முக்கால் என்னும் பின்னக் குறியும், மேற்கோடிட்ட ஓர் உரோமன் எழுத்தும், செண்ட் நாணயக் குறியும் நின்றன.

இளைய மாணவர்கள் இதனை அறிந்திருக்க மாட்டார்கள். 1995-இல் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றுவதில் முன்னோடியாக விளங்கினார். 1997-இல் தமிழ் இணையம் பற்றிய மாநாடும் அங்கு நடைபெற்றது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கியிருந்தார். அக்காலத்தில் தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்கப் பல முறைகள் நிலவின. அவற்றுள் ஒன்று திஸ்கி. அதில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கும் பிற குறிகளுக்கும் உரியவை. எஞ்சியவற்றில் தமிழ் அமர்ந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அதே எண்கள் ஐரோப்பிய எழுத்துகளாகவும் குறிகளாகவும் தோன்றும். 'த' முக்காலாகத் தெரிந்தது இதனால்தான்.

இன்று நாம் பயன்படுத்தும் ஒருங்குறியில் தமிழுக்குத் தனித் தொகுதி உண்டு. எந்த எழுத்துருவிலும் 'த' என்பது 'த'வாகவே இருக்கும். ஆகவே, கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றினோம். இம்மாற்றம் எண்ணுக்கு எண் மாற்றுவது மட்டுமன்று. திஸ்கி முறை, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கும். 'பெரட்டு' என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும் பகரம் அடுத்தும் வரும். ஒருங்குறியோ பலுக்கும் வரிசையைப் பின்பற்றும். மெய்க்குரிய எழுத்து முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் வரும். எனவே வரிசையையும் மாற்றியாகவேண்டும். மாற்று நிரல்கள் இதனைச் செய்கின்றன. எனினும் 'கொ' போன்ற எழுத்துகளைச் சோதித்தல் இன்றியமையாதது. ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம். கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்தும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும்போது மட்டும் 'கொட்டகை' அகப்படாமற் போகும். பட்டியல் முழுவதையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்பே அகரவரிசை சரியாயிற்று.

இணையப் பக்கங்களில் ஒருங்குறியை யுடிஎஃப்-8 என்னும் முறையில் சேமிப்பது வழக்கம். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு இடம் வேண்டும். 'கித்தா' என்ற சொல்லில் ககரம், இகரக் குறி, தகரம், புள்ளி, தகரம், கால் என ஆறு குறிகள். ஆகவே 18 பைட்டு. திஸ்கியில் ஐந்து பைட்டே போதும். இது பெருஞ்செலவு என்று கருதவேண்டா. நம் சொற்பட்டியல் முழுவதும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிற்று. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது.

3. கணினியை ஆயத்தம் செய்தல்

எழுத்து மீண்டது. இனி அதனை எங்கே வைப்பது? மீண்டும் ஓர் இலவச இடத்தைத் தேடுவதா? கோப்பைக் காத்துத் தந்த அதே கணினியையே வழங்கியாக்கலாம் என்று முடிவு செய்தோம்.

பழைய கணினி என்பது இன்று பல வீடுகளிலும் பள்ளிகளிலும் உள்ள பொருள். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. நன்கு இயங்கும் கணினிகள் பல, புதிய பதிப்பை ஏற்க இயலாமையால் ஒதுக்கப்படுகின்றன. அவை எழுத்துப் பக்கங்களை வழங்குவதற்குத் தாராளமாகப் போதும். நம் கணினியின் நினைவகம் 4 கிகாபைட்டு. வழங்கும் பணியில் அதன் சிறு பகுதியே செலவாகிறது.

செய்யவேண்டியவற்றை முறைப்படி கூறுவோம்.

முதலாவது, வன்தட்டில் உள்ளவற்றை வேறோர் இடத்தில் படியெடுத்தல். புதிய இயங்குதளத்தை நிறுவும்போது பழையவை அழிந்துபோகலாம். இப்படியைத் தவிர்த்தோர் பின்னர் வருந்துவர்.

இரண்டாவது, உடலைத் துப்புரவு செய்தல். பெட்டியைத் திறந்து, விசிறியிலும் வெப்பத் தகட்டிலும் படிந்த தூசியை நீக்கவேண்டும். தாய்ப்பலகையில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று இருக்கும். பல ஆண்டு கிடந்த கணினியில் அது தீர்ந்திருக்கும், மாற்றிவிட வேண்டும். அது தீர்ந்தால் கணினியின் கடிகாரம் பிழைபடும். கடிகாரம் பிழைபட்டால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். பழைய வன்தட்டை நம்பாமல் புதிய திடநிலைத் தட்டு ஒன்றைப் பொருத்துவது நன்று.

மூன்றாவது, இயங்குதளம். லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த டெபியன் கட்டணமற்றது, நிலையானது. 2025-இல் வெளிவந்த அதன் 13-ஆம் பதிப்பை 32 பிட்டு மட்டுமே அறிந்த மிகப் பழைய கணினியில் நிறுவ இயலாது. 64 பிட்டுக் கணினியா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். திரைச் சித்திரங்கள் ஏதுமின்றி, எழுத்து முகப்போடு மட்டும் நிறுவினால் கணினி இலகுவாக இயங்கும்.

நான்காவது, வழங்கி மென்பொருள். அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ் என்பன பெயர்பெற்றவை. ஒரே கட்டளையில் நிறுவலாம். நிறுவியபின் குறிப்பிட்ட ஒரு கோப்புறையில் எதை வைத்தாலும் அதனைக் கேட்போர்க்குத் தரும். பக்கத்தின் தலைப்பகுதியில் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்பதையும், மொழி தமிழ் என்பதையும் அறிவிக்கத் தவறக் கூடாது. குறியாக்கத்தை அறிவிக்காவிடின், முக்கால் குறிகள் வேறு வடிவில் திரும்பி வரலாம்.

ஐந்தாவது, மின்சாரம். நம் நாட்டில் பிற்பகல் இடிமின்னல் புதிதன்று. மின்னெழுச்சித் தடுப்பானும், இயலுமாயின் மின்தடையின்போது சில நிமிடம் தாங்கும் மின்கலப் பெட்டியும் வேண்டும். மின்சாரம் மீண்டதும் கணினி தானே எழுமாறு அதன் அடிப்படை அமைப்பில் குறித்துவிடலாம்.

இந்நிலையில், வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கைப்பேசியிலும் சொற்பட்டியல் திறக்கும். பள்ளியில் அமைத்தால், பள்ளி வலையமைப்பினுள் எல்லா வகுப்பறைகளிலும் திறக்கும். வெளி இணையம் துண்டிக்கப்பட்டாலும் திறக்கும். பல பள்ளிகளுக்கு இவ்வளவே போதும். இதற்கு அப்பாற் செல்வது விருப்பத்தைப் பொறுத்தது.

4. வெளியுலகுக்குக் கதவு திறத்தல்

அடுக்குமாடி வீட்டுக்கு விருந்தினர் வருவதை எண்ணிப் பாருங்கள். வெளியார்க்குத் தெரிவது கட்டடத்தின் முகவரி மட்டுமே. எந்த வீட்டுக்கு அனுப்புவது என்பதை வாயிற்காவலர் அறிவார். இணையத்தில் அக்காவலர், இணையச் சேவையாளர் நம் வீட்டில் பொருத்தியிருக்கும் திசைவி. வீட்டுக் கணினிகளுக்கு அது 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளைத் தருகிறது. வழங்கிக்கு மட்டும் மாறாத உள்முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டு, 80, 443 ஆகிய துறைகளுக்கு வருவோரை அம்முகவரிக்கு அனுப்புமாறு திசைவியிடம் கூறவேண்டும். முன்னது சாதாரண இணையப் பக்கங்களுக்கும், பின்னது மறையாக்கம் செய்த பக்கங்களுக்கும் உரியது.

இங்கு இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, வீட்டின் வெளிமுகவரி அவ்வப்போது மாறக்கூடும். மாறும்போதெல்லாம் நம் தளப்பெயரைப் புதிய முகவரியோடு இணைக்கும் சேவைகள் உள்ளன. மற்றொன்று, வெளிமுகவரியே நமக்கென இல்லாதிருத்தல். பழைய முறையில் இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. அவை போதாமையால், சேவையாளர் பலர் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றனர். திசைவியில் தெரியும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களுள் ஒன்றில் தொடங்கினால் நிலைமை அதுவே. அப்போது சேவையாளரிடம் தனி முகவரி கேட்கவேண்டும்; அல்லது ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறையை நாடவேண்டும்.

பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு கட்டணமின்றித் தருகிறது. அது குறுகிய காலமே செல்லுபடியாகும்; தானே புதுப்பிக்கும் நிரலை உடன் நிறுவிக்கொள்ள வேண்டும்.

5. காவலும் நெறியும்

கதவைத் திறந்த முதல் நாளிலேயே பதிவேட்டைப் பார்த்தோம். நம் சொற்பட்டியலை யாரும் தேடி வருமுன், இல்லாத கோப்புகளைக் கேட்டும் பலவகை நுழைவுகளைத் தட்டியும் வந்தவர்கள் பலர். அவர்களுள் பெரும்பாலோர் மனிதர் அல்லர். உலகின் எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள். அஞ்சவேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. அவ்விரு துறைகளைத் தவிர ஏனையவற்றை மூடிவைத்தல், பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே நிறுவப்படுமாறு செய்தல், வெறும் எழுத்துப் பக்கங்களை மட்டும் வழங்குதல் ஆகிய மூன்றும் பெரும்பாலான இடர்களைத் தவிர்க்கும். குடும்பக் கணக்குகளும் மாணவர் மதிப்பெண்களும் அக்கணினியில் ஒருபோதும் இருத்தலாகாது.

மொழியியலார்க்கு இன்னொரு காவலும் உண்டு. நம் பதிவுகளுள் ஒரு பாட்டியின் குரல் இருக்கிறது. பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிடுவதை அவர் நடித்துக் காட்டுகிறார், பின் சிரிக்கிறார். பதிவு முடியும் தறுவாயில், "எம் பேர மட்டும் போட்டுராதய்யா" என்கிறார். 2001-ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவர் பெயரை நாம் போடவில்லை. குரலையும் ஏற்றவில்லை. இப்போது, சொந்த வழங்கியில் இடத்துக்குக் குறைவில்லை. எனினும் அவருடைய மகளைத் தேடிக் கண்டு, குரலைக் கேட்கச் செய்து, இசைவு பெற்ற பின்பே ஏற்றினோம். பெயர் இன்றும் இல்லை. சொந்த இடம் என்பது விரும்பியதையெல்லாம் வைக்கும் உரிமை அன்று. வைத்தவற்றுக்கெல்லாம் விடை சொல்லும் கடமை.

6. வரம்புகள்

இம்முயற்சியின் குறைகளையும் கூறுவதே முறை. நம் மேசைக் கணினி சராசரியாக 50 வாட்டு மின்சாரம் கொள்கிறது. நாளொன்றுக்கு 1.2 யூனிட்; ஆண்டுக்கு 438 யூனிட். 5 வாட்டில் இயங்கும் உள்ளங்கையளவுக் கணினிகளும் உள்ளன. அவற்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 44 யூனிட் போதும். நெடுங்காலம் இயக்கக் கருதுவோர் பழைய கணினியில் கற்றுக்கொண்டு, பின்னர் சிறியதற்கு மாறலாம்.

பெருங்குறை வேறொன்று. வீட்டு வழங்கியும் அழியக்கூடியதே. வீட்டார் வெளியூர் செல்லும்போது பொத்தானை அணைத்துவிட்டால் போதும். நம் வீட்டிலேயே அது நிகழ்ந்தது. ஒரு நீண்ட விடுமுறைக்கு முன், வீட்டைப் பூட்டும் பொறுப்பிலிருந்த பேரன் எல்லா மின்பொத்தான்களையும் கவனமாக அணைத்துவிட்டான். அவன்மேற் குற்றமில்லை, நாம்தான் சொல்லிவைக்கவில்லை. திரும்பி வந்தபின், 'இது வழங்கி. அணைக்காதே' என்று ஒரு தாளில் எழுதிப் பொத்தானின் அருகே ஒட்டினோம்.

ஆகவே, வழங்கி வேறு, காப்பகம் வேறு என்பதை மறத்தலாகாது. மூன்று படிகள், இருவகை ஊடகம், ஒன்றேனும் வேறோர் ஊரில் என்பது படியெடுத்தலின் பொதுவிதி. நம் பட்டியலின் ஒரு படி வழங்கியில், ஒன்று வெளித்தட்டில், மற்றொன்று அன்று தொலைபேசியில் அழைத்த அம்மாணவியிடம். அவர் இப்போது ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். அவர் பள்ளியிலும் ஒதுக்கப்பட்ட கணினி ஒன்றில் அப்பட்டியல் இயங்குகிறது. மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்ட சொற்களை அதில் சேர்த்து வருகின்றனர். நம் பட்டியலில் விடுபட்ட சொற்கள் பல அங்கு உள்ளன.

7. நிறைவாக

ஒரு சொல்லைத் திரட்டுவது ஒருநாட் பணி. அதனை வழங்கிக்கொண்டே இருப்பது தொடர்பணி. முதற்பணியை நாம் செய்தோம்; இரண்டாம் பணியை முகமறியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மறந்தோம். பழைய கணினி ஒன்று கைவசம் இருந்தமையால் சொற்கள் மீண்டன. அஃது இல்லாதிருப்பின் இவ்வுரையும் இல்லை.

உங்கள் பள்ளியின் பொருளறையில் இத்தகைய கணினி ஒன்று இருக்கக்கூடும். உங்கள் ஊரில், உங்கள் குடும்பத்தில் இன்னும் வழங்கும் சொற்களும் உண்டு. இரண்டையும் இணைத்துப் பாருங்கள். கட்டளைகளைக் கற்க ஒரு வார இறுதி போதும். அதற்கு முன், இன்று வீடு திரும்பியதும் உங்கள் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்.